கிராஸ் கம்பைல்: குறுக்கும் இல்லை, தொகுப்பும் இல்லை

"லினக்ஸில் இருந்தபடியே விண்டோஸ் நூலகங்களைக் குறுக்காகத் தொகுக்கலாம்." இந்த மாதிரி வாக்கியத்தை அண்மைக் காலத்தில் பல இடங்களில் படித்துவிட்டேன். பயிற்சிக் குறிப்புகளில் வருகிறது, தமிழாக்கிய மென்பொருள் உதவிப் பக்கங்களில் வருகிறது, கலைச்சொல் பட்டியல்களில் 'குறுக்குத் தொகுப்பி' என்று நிலையான இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறது. புதிதாக நிரல் எழுதப் பழகும் மாணவர் இதைப் படித்தால் என்ன நினைப்பார்? குறுக்கு வழியில் சீக்கிரமாக எதையோ தொகுப்பது என்றுதான் நினைப்பார். அவர் மீது தவறில்லை. தமிழில் அந்தச் சொல்லுக்கு முதலில் தோன்றும் பொருள் அதுதான்.

விஷயம் இதுதான். நாம் எழுதும் நிரலைக் கணினி நேரடியாக ஏற்கும் பொறிமொழியாக மாற்றும் கருவி கம்பைலர். அந்தக் கம்பைலர் ஓடும் இடம் ஒன்று, அது ஆக்கித் தரும் நிரல் ஓடப்போகும் இடம் வேறொன்று என்றால் அது கிராஸ் கம்பைல். டெபியன் என்ற லினக்ஸ் வகை ஓடும் கணினியில், விண்டோஸுக்கு நிரல் ஆக்கித் தரும் மின்ஜிடபிள்யூ-டபிள்யூ64 கருவிகளை நிறுவி, சி மொழியில் எழுதிய ஒரு நிரலகத்தை (மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்களின் தொகுதியை) விண்டோஸுக்கான டிஎல்எல் என்ற நிரலகக் கோப்பாக ஆக்கி எடுக்கிறோம். (லைப்ரரிக்கு 'நிரலகம்' என்ற நல்ல சொல் இருக்கும்போது 'நூலகம்' எதற்கு என்பது தனிக் கதை.) அந்தக் கோப்பை, ஆக்கிய டெபியன் கணினியே நேரடியாக ஓட்ட முடியாது. இரண்டிலும் சில்லு ஒரே வகையாக இருக்கலாம். ஆனால் லினக்ஸ் ஏற்பது இஎல்எஃப் கோப்பு வடிவம், விண்டோஸ் ஏற்பது பிஇ வடிவம். ஆண்ட்ராய்டு செயலிகளில் சி, சி++ மொழிகளில் எழுதப்படும் பகுதிகளும் பெரும்பாலும் மேசைக் கணினியில் ஆக்கப்பட்டுத்தான் கைபேசிக்குப் போகின்றன.

வழக்கம் பழையது. 1969இல் கென் தாம்சன் யூனிக்ஸ் இயங்குதளத்தின் தொடக்க நிரல்களைப் பிடிபி-7 என்ற சிறு கணினிக்காக எழுதியபோது, அவற்றைப் பொறிமொழிக்கு மாற்றியது ஜிஇ-635 என்ற பெரிய கணினி. அங்கே தாள்நாடாவில் துளையிட்டு எடுத்து, பிடிபி-7இல் கொண்டுபோய் ஏற்றினார்கள். 1975இல் பில் கேட்ஸும் பால் ஆலனும் ஆல்டேர் என்ற சிறு கணினிக்கு பேசிக் என்ற நிரல்மொழியை உருவாக்கியபோது அவர்கள் கையில் ஆல்டேரே இல்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பிடிபி-10 கணினியில், ஆல்டேரின் 8080 சில்லு போலவே நடந்துகொள்ளும் ஒரு போலி நிரலை ஆலன் எழுதி, அதை நம்பி வேலையை முடித்தார்கள்.

சொற்பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஆங்கிலக் 'கிராஸ்' இலத்தீன் 'க்ருக்ஸ்' வழியாக வந்தது. சிலுவை என்பது முதற்பொருள். அதிலிருந்து குறுக்கே கிடப்பது, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போவது, இரண்டு வெவ்வேறு இனங்கள் சேர்வது என்று பொருள் கிளைத்தது. 'கம்பைல்' இலத்தீன் 'கொம்பிலாரே'. கொள்ளையடித்துச் சேர்ப்பது என்ற பொருளில் வழங்கிப் பிறகு பல நூல்களிலிருந்து எடுத்துத் தொகுப்பது ஆயிற்று. சரி, இனி சண்டைக்கு வருவோம்.

ஆங்கிலத்தில் ஒரே சொல் இத்தனை பொருளைச் சுமக்கிறது. தமிழ் அவற்றை எப்போதோ தனித்தனியாகப் பிரித்து வைத்துவிட்டது. கோடுகள் உண்மையிலேயே ஒன்றை ஒன்று வெட்டும் இடத்தில் குறுக்கு சரி: குறுக்குப் பெருக்கல், குறுக்கு வெட்டுத் தோற்றம், குறுக்கெழுத்துப் போட்டி. நேராகப் போகும் பேச்சை இடைமறித்துக் கேட்பதால் குறுக்கு விசாரணையும் சரி. சிலுவை என்ற பொருளில் வந்தபோது செஞ்சிலுவைச் சங்கம் என்றோம். செங்குறுக்குச் சங்கம் என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு இனங்களைச் சேர்த்தபோது கலப்பினம் என்றோம். ஒரு செடியின் மகரந்தம் வேறொரு செடியின் பூவைச் சேர்ந்தபோது பள்ளிப் பாடநூல் என்ன சொன்னது? அயல் மகரந்தச் சேர்க்கை. தன் மகரந்தச் சேர்க்கைக்கு எதிர்ச்சொல்லாக அயல் மகரந்தச் சேர்க்கை. அதை எழுதியவர் ஆங்கிலச் சொல்லைப் பார்க்கவில்லை, பூவைப் பார்த்தார். அதனால்தான் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் அது படித்ததும் புரிகிறது.

கிராஸ் கம்பைலில் எது எதை வெட்டுகிறது? எதுவும் வெட்டவில்லை. எது எதன் குறுக்கே நிற்கிறது? எதுவும் நிற்கவில்லை. இங்கே நடப்பது, ஓரிடத்தில் ஆக்கியதை அயலிடத்துக்கு அனுப்புவது. மகரந்தத்தின் கதையேதான்.

குறுக்கு என்ற சொல்லுக்குத் தமிழில் இன்னொரு சுமையும் இருக்கிறது. குறு என்ற அடியிலிருந்து வரும் குறுகு, குறுக்கு ஆகியவை சுருங்குவதையும் சுருக்குவதையும் சொல்கின்றன. இலக்கணத்தில் ஐகாரக் குறுக்கம், மகரக் குறுக்கம் என்றால் மாத்திரை குறைவது. குறுக்கு வழி என்றால் தூரம் குறைவது. பேச்சு வழக்கில் நேர்மை குறைவதும்கூட. குறுக்குப் புத்தி என்று யாரையும் பாராட்டிச் சொல்வதில்லை. ஆக, 'குறுக்குத் தொகுப்பி' என்ற சொல் கேட்பவர் காதில் சுருக்கம், அவசரம், தடை, கோணல் என நான்கு தவறான வாசல்களைத் திறக்கிறது. சரியான வாசல் ஒன்றுகூடத் திறக்கவில்லை. மென்பொருளைச் சுருக்கிக் கட்டும் கருவிகளும் இதே துறையில் இருப்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது.

இதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்களை நான் அறிவேன். ஏற்கெனவே புழக்கத்தில் வந்துவிட்டதே என்பது ஒன்று. எவ்வளவு புழக்கம்? வேலை செய்பவர்கள் 'கிராஸ் கம்பைல் பண்ணு' என்றுதான் பேசுகிறார்கள். குறுக்குத் தொகுப்பி பட்டியலைத் தாண்டி யார் வாயிலும் ஏறவில்லை. ஏறாததற்குக் காரணம் தமிழின் மேல் வெறுப்பு அல்ல, அந்தச் சொல் எதையும் விளக்காததுதான். அடுத்தது, ஆங்கிலம் தெரிந்தவர் தமிழைப் பார்த்ததும் மூலச் சொல்லைக் கண்டுபிடித்துவிடலாம் என்ற வாதம். ஆங்கிலம் தெரிந்தவருக்குத் தமிழ்க் கலைச்சொல்லே தேவையில்லையே. தெரியாதவருக்காகத்தானே இந்தப் பாடு! மூன்றாவதாக, எல்லை கடப்பதும் ஒரு வகையில் குறுக்கே போவதுதான் என்பார்கள். சாலையின் குறுக்கே போகலாம், ஆற்றின் குறுக்கே பாலம் கட்டலாம். ஆனால் வேறு நாட்டுக்குப் போகிறவரை 'குறுக்கே போனார்' என்று எந்தத் தமிழரும் சொல்வதில்லை. அயல்நாடு போனார் என்கிறோம்.

முதற்பாதியை முடித்தேன். பின்பாதியான 'தொகுப்பி' எனக்கு அவ்வளவு கோபம் தரவில்லை, ஆனாலும் அதுவும் சரியில்லை. 1952இல் கணினி முன்னோடி கிரேஸ் ஹாப்பர் யூனிவாக் கணினிக்காக ஏ-0 என்ற கருவியை உருவாக்கியபோது அது நாடாவில் இருந்த துணைநிரல்களைப் பொறுக்கி எடுத்து வரிசையாகச் சேர்த்தது. அப்போது கம்பைலர் என்ற பெயர் பொருத்தமாக இருந்தது. இன்றைய கம்பைலர் செய்வது வேறு: மனிதர் எழுதிய நிரல்மொழியைப் படித்துப் பொறிமொழியாக்குகிறது. துண்டுகளைச் சேர்க்கும் வேலை லிங்கர் என்ற தனிக் கருவிக்குப் போய்விட்டது. பழைய பெயரை ஆங்கிலம் வைத்துக்கொண்டது அதன் வரலாறு. அந்த வரலாற்றை நாம் ஏன் சுமக்க வேண்டும்? தொகுப்பதும் பெயர்ப்பதும் வேறுவேறு வேலைகள் என்று தொல்காப்பிய மரபியலே பிரித்து வைத்திருக்கிறது. வழிநூலின் வகைகளைச் சொல்லும்போது தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல் என நான்காக எண்ணுகிறது. கம்பைலர் நிற்க வேண்டிய இடம் அந்த நான்காவது வரிசை. 'நிரல்பெயர்ப்பி' என்ற சொல்லும் வழக்கில் இருக்கிறது, அதுவே போதும். பெயர்த்தல் என்பதற்கு ஓரிடத்திலிருந்து எடுத்து மற்றோரிடத்தில் வைப்பது என்ற பொருளும் உண்டு என்பது நம் வேலைக்குக் கூடுதல் வசதி.

ஆகவே கிராஸ் கம்பைலர் என்பதற்கு நான் சொல்வது அயல்தள நிரல்பெயர்ப்பி. வினையாக எழுத, அயல்தளத்துக்குப் பெயர்த்தல். தான் ஓடும் தளத்துக்கே நிரல் ஆக்கும் நேடிவ் கம்பைலருக்குத் தன்தள நிரல்பெயர்ப்பி. புணர்ச்சி விதியை இறுக்கிப் பிடித்தால் 'அயற்றளம்' என்று எழுத வேண்டும்தான். ஆனால் அப்படி எழுதினால் தளம் என்ற சொல் கண்ணில் படாமல் போய்விடும். கலைச்சொல்லில் தெளிவுக்கு முதலிடம், தூய்மைக்கு அடுத்த இடம் என்பது என் கட்சி.

மற்ற முயற்சிகளையும் எடை போட்டுத்தான் இதைச் சொல்கிறேன். 'மாற்றுத்தளம்' என்றால் ஒன்றுக்குப் பதிலாக வைக்கும் இன்னொன்று என்ற எண்ணம் வரும். 'தளங்கடந்த' என்பது கடவுளுக்குச் சொல்வது போல ஒலிக்கிறது. 'பிறதளம்' நல்ல சொல், யாராவது பயன்படுத்தினால் மறுக்க மாட்டேன். 'குறுக்குத்தளம்' என்று ஒன்று உலவுகிறதே, அது இரட்டைப் பிழை. கிராஸ் பிளாட்பார்ம் என்பது ஒரே மென்பொருள் பல இயங்குதளங்களில் ஓடுவது. அதற்குப் பல்தள மென்பொருள் என்றால் முடிந்தது. பல்தளம் என்பது பொருளின் தன்மை, அயல்தளப் பெயர்ப்பு என்பது செய்யும் முறை. ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே முன்னொட்டைப் போட்டு மாணவர்களைக் குழப்புகிறது. தமிழில் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை, நாமாக வரவழைத்தால் தவிர.

தன், அயல் என்ற இணை ஏன் முக்கியம் என்பது வேலையில் இறங்கினால் தெரியும். அயல்தளத்துக்கு நிரலகம் ஆக்கும்போது வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் கலந்துவிடுவதால் வருபவை. வேண்டிய துணை நிரலகங்கள் எங்கே இருக்கின்றன என்று பிகேஜி-கான்ஃபிக் கருவியைக் கேட்டால், நாம் வேறெதுவும் சொல்லாவிட்டால் அது இந்தக் கணினியில் நிறுவியிருக்கும் லினக்ஸ் நிரலகங்களையே காட்டும். அதாவது அயலைக் கேட்டால் தன்னைக் காட்டுகிறது. இணைக்கும் கட்டத்தில் பிழை வந்து நின்றால் நல்லது. நிரலகத்தில் என்னென்ன இருக்கின்றன என்று அறிவிக்கும் தலைப்புக் கோப்புகள் மட்டும் கலந்துபோய்ச் சத்தமில்லாமல் தவறான அளவுகள் உள்ளே நுழைந்தால் பிழையைத் தேடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். 64 பிட் லினக்ஸில் 'லாங்' என்ற தரவினம் 8 பைட், 64 பிட் விண்டோஸில் 4 பைட். அப்புறம், ஆக்கத் தொடங்கும் முன் கணினியின் வசதிகளைச் சோதிக்கும் கான்ஃபிகர் நிரல்கள் ஒரு சிறு சோதனை நிரலை ஆக்கி அங்கேயே ஓட்டிப் பார்த்து முடிவெடுக்கும் பழக்கம் உள்ளவை. அயல்தளத்துக்கு ஆக்கிய நிரல் இங்கே ஓடாதே! அந்த விடைகளை நாமே முன்கூட்டி எழுதிக் கொடுக்க வேண்டும், அல்லது விண்டோஸ் நிரலை லினக்ஸில் ஓட்டும் வைன் போன்ற இடைக்கருவி வேண்டும்.

இதனால்தான் அயல்தளத்தின் தலைப்புக் கோப்புகளும் நிரலகங்களும் அடங்கிய ஒரு தனிக் கோப்புறையை வைத்துக்கொண்டு, 'இதை மட்டும் பார், என் கணினியைப் பார்க்காதே' என்று நிரல்பெயர்ப்பிக்குச் சொல்கிறோம். அதற்குச் சிஸ்ரூட் என்று பெயர். ஊரில் இல்லாதவருக்குச் சட்டை தைக்கத் தையற்காரரிடம் அளவுச் சட்டை கொடுப்பது போன்றது இது. 'அமைப்பு வேர்' என்று இதைத் தமிழாக்கியிருப்பதையும் பார்த்தேன். எந்த அமைப்பின் வேர், இங்கே இருப்பதா, அங்கே இருப்பதா? கேள்வியின் உயிரே அதில்தான் இருக்கிறது, அதை விட்டுவிட்டு இரண்டு சொல்லை மட்டும் பெயர்த்திருக்கிறார்கள். 'அயல்தள வேர்' என்று எழுதியிருந்தால் படித்தவுடன் பிடிபட்டிருக்கும்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குள்ள குறையும் இதுவே. கலைச்சொல்லை அட்டவணையின் இடப்பக்கத்தில் பார்த்து வலப்பக்கத்தில் நிரப்புகிறார்கள். அந்தக் கருவியை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதில்லை, ஓட்டுபவரிடம் கேட்பதும் இல்லை. அந்தக் கான்ஃபிகர் நிரல்களை உருவாக்கித் தரும் ஆட்டோகான்ஃப் கருவியில் 'பில்ட்', 'ஹோஸ்ட்', 'டார்கெட்' என்று மூன்று பெயர்கள் வரும். பில்ட் என்றால் ஆக்கும் வேலை நடக்கும் கணினி. ஹோஸ்ட் என்றால் ஆக்கிய பொருள் ஓடப்போகும் கணினி. லினக்ஸில் இருந்து விண்டோஸுக்கு ஆக்கும்போது விண்டோஸ்தான் ஹோஸ்ட். ஆங்கிலம் அறிந்தவர்களையே தடுமாற வைக்கும் பெயர் இது. இதைப் 'புரவலர்' என்று எழுதியவர் எந்தக் கணினியை மனத்தில் வைத்து எழுதினார்? ஆக்கும் தளம், ஓடும் தளம் என்று எழுதினால் ஆங்கிலக் கையேட்டைவிடத் தமிழ்க் கையேடு தெளிவாக இருக்கும். மூன்றாவதான டார்கெட், ஆக்கப்படும் பொருளே ஒரு நிரல்பெயர்ப்பியாக இருந்தால்தான் தேவைப்படும்: அது எந்தத் தளத்துக்கு நிரல் ஆக்கித் தரும் என்பதைச் சொல்ல. அதற்கு இலக்குத் தளம் என்பது பொருந்தும்.

இந்த மூன்றும் மூன்று வேறு தளங்களாக அமைவதும் உண்டு. லினக்ஸில் உட்கார்ந்து, விண்டோஸில் ஓடும் ஒரு நிரல்பெயர்ப்பியை ஆக்குகிறோம். அது ஆக்கித் தரப்போவதோ ஆர்ம் சில்லுள்ள ஒரு சிறு பலகைக்கான நிரல். ஆங்கிலத்தில் இதற்குக் கனேடியன் கிராஸ் என்று பெயர். இதைப் பற்றிய பேச்சு நடந்த காலத்தில் கனடாவில் தேசிய அளவில் மூன்று கட்சிகள் இருந்தன, அதனால் அந்தப் பெயர். 'கனடியக் குறுக்கு' என்று இதைத் தமிழில் எழுதினால் கனடாவும் புரியாது, குறுக்கும் புரியாது, மூன்று என்ற செய்தியும் காணாமல் போகும். முத்தள நிரல்பெயர்ப்பு என்று எழுதுங்கள்.