கடைமடைக்குப் போய்ச் சேராத மருந்து

என் அம்மாவுக்கு ஆஸ்துமா இழுப்பு வந்து பதினோரு வருடம் ஆகிறது. கைக்கு இன்ஹேலர் வந்து ஒன்பது வருடம். அதை எப்படி இழுப்பது என்று ஒருவர் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தது போன வருடம்தான். முதலில் எழுதிக் கொடுத்த மருத்துவர் சீட்டைக் கிழித்துக் கொடுத்த கையோடு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். மருந்துக்கடையில் பெட்டியைப் பையில் போட்டுக் கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

போன வருடம் மதுரையில் வேறொரு மருத்துவமனைக்குப் போனபோது, அங்கே இருந்த ஒரு நர்ஸ் மருந்தைப் பற்றி எதுவும் பேசவில்லை. "வீட்ல எப்படி எடுப்பீங்களோ, அப்படியே ஒரு தடவை எடுத்துக் காட்டுங்கம்மா" என்றார். அம்மா மூடியைக் கழற்றி, வாயில் வைத்து, அழுத்தி, சட்டென்று ஒரு இழுப்பு இழுத்தார். உதட்டோரத்திலிருந்தும் மூக்கிலிருந்தும் வெள்ளையாக ஒரு புகை வந்து டியூப் லைட்டைப் பார்த்துப் போனது.

"இப்ப மேல போச்சே, அதுதாம்மா மருந்து."

"அப்ப இத்தன வருசமா நா இழுத்ததெல்லாம் எங்க தாயி போச்சு?"

எங்கே போனது என்று சொல்ல, நெஞ்சுக்குள் இருக்கும் வழியை முதலில் சொல்ல வேண்டும். எங்கள் பூர்வீகம் மேலூர் பக்கம். பெரியாறு கால்வாயில் தண்ணீர் திறந்தால் அது கிளைக்கால், வாய்க்கால், மடை என்று பிரிந்து பிரிந்து வயலுக்குப் போகும். நுரையீரலும் அப்படித்தான். மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும், அந்த இரண்டும் நான்காகும், இப்படி ஏறக்குறைய 23 தடவை பிரிகிறது. கடைசியில் வயல்கள் மாதிரி கோடிக்கணக்கான காற்றுப்பைகள். ஆஸ்துமாவில் வயலுக்கு ஒன்றும் ஆவதில்லை, கோளாறு வாய்க்காலில்தான். குழாயின் உள்சுவர் அழற்சியால் வீங்குகிறது, சளி சேர்கிறது, குழாயைச் சுற்றியிருக்கும் தசை இறுகிப் பிடிக்கிறது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. சீராக ஓடும் காற்றுக்குக் குழாய் தரும் தடை, குழாயின் விட்டம் குறையக் குறைய நான்காம் அடுக்கில் ஏறும். விட்டம் பாதியானால் தடை இரண்டு மடங்கு ஆகாது, 16 மடங்கு ஆகிவிடும். அதனால்தான் கொஞ்சம் சுருங்கியதற்கே ஆளுக்கு மூச்சு இளைக்கிறது. திரும்பிப் பார்த்தால் இது நல்ல சேதியும்கூட. குழாய் கொஞ்சம் விரிந்தாலே மூச்சு நிறைய இலேசாகிவிடும்.

சரி, மாத்திரை போட்டால் போதாதா? எங்கள் தெருவில் பலரும் கேட்கும் கேள்வி. குழாயை விரிக்கும் மருந்தான சால்பியூட்டமால் மாத்திரையில் 4 மில்லிகிராம் இருக்கும், அதாவது 4000 மைக்ரோகிராம். அதே மருந்து இன்ஹேலரில் ஒரு அழுத்தத்துக்கு 100 மைக்ரோகிராம். மாத்திரை வயிற்றில் கரைந்து, இரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றி, அதில் கொஞ்சம் நெஞ்சுக்கு வருகிறது. கை நடுக்கமும் படபடப்பும் அந்தச் சுற்றலின் விளைவுதான். இன்ஹேலர் நேரே குழாய்க்குப் போவதால் நாற்பதில் ஒரு பங்கு மருந்தே போதும், அதுவும் ஐந்து நிமிடத்தில் வேலையைத் தொடங்கிவிடும். இன்ஹேலர் போட்டால் பழகிவிடும், அது கடைசிக்கட்ட வைத்தியம் என்று பயப்படுகிறவர்களிடம் இந்த ஒரு கணக்கையாவது சொல்லத் தோன்றுகிறது.

ஆனால் நேரே போக வேண்டுமே, அங்கேதான் சிக்கல். சித்திரைத் திருவிழாவில் அழகர் வேடம் போட்டவர்கள் தோல்பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். பெரிய துளிகள் எதிரில் நிற்பவர் மேல் நேராகப் போய் அடிக்கும். பொடித்துளிகள் மட்டும் காற்றோடு மிதந்து, பின்னால் ஒதுங்கி நிற்பவரின் முகத்தில் சில்லென்று படும். இன்ஹேலர் குப்பியிலும் மருந்து அழுத்தத்தில்தான் அடைபட்டிருக்கிறது. அழுத்தினால் பீய்ச்சிக்கொண்டு வரும். வாய்க்குப் பின்னால் தொண்டை சட்டென்று கீழே வளைகிறது. பெரிய துளிகளும் வேகமான துளிகளும் அந்த வளைவில் திரும்ப முடியாமல் தொண்டைச் சுவரில் மோதி ஒட்டிக்கொள்ளும், பிறகு எச்சிலோடு வயிற்றுக்குப் போய்விடும். 1 முதல் 5 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) வரையுள்ள துகள்கள்தான் வளைவைத் தாண்டி உள்ளே போகும். தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இராது. கால்வாயில் மணல் தலைமடையிலேயே படிந்துவிட, வண்டல் மட்டும் கடைமடை வரை போகிறதே, அதே கதைதான். சரியாக இழுத்தாலே, வெறும் இன்ஹேலரில் நுரையீரலுக்குப் போய்ச் சேர்வது பொதுவாக 10 முதல் 20 விழுக்காடு. தப்பாக இழுத்தால் அதுவும் இல்லை.

ஆகையால் இதை மெதுவாக இழுக்க வேண்டும். முதலில் மூச்சை முழுதாக வெளியே விட்டுவிட்டு, உதட்டால் இறுக்கிப் பிடித்து, இழுக்க ஆரம்பிக்கும்போதே அழுத்தி, நான்கைந்து விநாடி நீளமாக இழுக்க வேண்டும். அப்புறம் பத்து விநாடி மூச்சைப் பிடிக்க வேண்டும். அந்தப் பத்து ஏன் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். 3 மைக்ரான் துகள் ஒன்று அசையாத காற்றில் விநாடிக்குக் கால் மில்லிமீட்டர் அளவுக்குத்தான் கீழே இறங்கும். பத்து விநாடியில் இரண்டரை மில்லிமீட்டர். நெஞ்சின் சிறு குழாய்களின் விட்டம் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆக, பத்து எண்ணினால் துகள் குழாயின் சுவரில் உட்கார நேரம் கிடைக்கிறது. உடனே மூச்சை விட்டால் உட்காராமலே வெளியே வந்துவிடும். அன்று டியூப் லைட்டைப் பார்த்துப் போனது வாய்க்குள்கூடத் தங்காதது.

இந்த இடத்தில் பலர் தடுமாறுவது இன்னொரு கருவியால். காப்ஸ்யூலைப் போட்டுத் திருகி இழுக்கும் ரோட்டாஹேலரில் அழுத்தம் எதுவும் கிடையாது, உள்ளே இருப்பது பொடி. அந்தப் பொடிக் கட்டியை உடைத்துத் துகளாக்குவதே நாம் இழுக்கும் வேகம்தான். அதை மெதுவாக இழுத்தால் பொடி அப்படியே தங்கிவிடும். ஒன்றை மெதுவாக, மற்றதை வேகமாக. அம்மாவிடம் இரண்டும் இருந்தன. இரண்டையும் ஒரே மாதிரி இழுத்துக்கொண்டிருந்தார்.

அழுத்துவதும் இழுப்பதும் ஒன்றாக வராதவர்களுக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும், ஸ்பேஸர் இருக்கிறது. இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே ஒரு வெற்றுக் கூடு, அவ்வளவுதான். பெரிய துளிகள் அதன் சுவரில் ஒட்டிக்கொள்ளும், வேகம் அடங்கும், மிச்சமிருக்கும் பொடித்துளிகளை நிதானமாக ஐந்தாறு மூச்சில் இழுத்துக்கொள்ளலாம். காசு கொடுத்து வாங்க முடியாதவர்களுக்காகத் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் ஹெதர் ஸார் என்ற குழந்தை மருத்துவரின் குழு ஒரு சோதனை செய்தது. 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இன்ஹேலரின் வாய் கச்சிதமாகப் பொருந்தும்படி துளை போட்டார்கள். ஆஸ்துமா திடீரென்று அதிகமாகி வந்த குழந்தைகளில் சிலருக்கு அந்தப் பாட்டிலும் சிலருக்குக் கடையில் விற்கும் ஸ்பேஸரும் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டும் ஒன்றுபோலவே வேலை செய்தன. 1999ல் வெளியான அந்த முடிவைப் படித்தபோது, நாம் கசக்கி எறியும் பாட்டிலா என்று சிறிது நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

'புகை வைத்தால்'தான் சரியாகும் என்று மருந்தைப் பனிப்புகையாக்கித் தரும் நெபுலைசர் கருவியைத் தேடி ஓடும் பழக்கம் நம் ஊரில் அதிகம். உயிருக்கு ஆபத்தில்லாத இழுப்பில், ஸ்பேஸரோடு இன்ஹேலர் கொடுப்பது நெபுலைசருக்குக் குறைந்ததல்ல என்று பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, இன்ஹேலர் எடுத்தும் கேட்கவில்லை என்றாலோ வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. அது ஆக்ஸிஜன் வைக்க வேண்டிய நேரம்.

இன்னொன்று, எது மருந்து என்பது. சால்பியூட்டமால் இருக்கும் நீல இன்ஹேலர் இறுகிய தசையை இளக்குகிறது, நான்கைந்து மணி நேரம் தாங்கும். உள்ளே இருக்கும் வீக்கத்தை அது தொடுவதே இல்லை. வீக்கத்தைக் குறைப்பது இழுத்துக்கொள்ளும் ஸ்டீராய்டு. அது செல்லுக்குள் போய், அழற்சியை வளர்க்கும் மரபணுக்களை அடக்குகிறது. அதனால் முழுப் பலன் தெரிய நாட்கள், வாரங்கள் ஆகும். உடனே சுகம் தருவது நீலம், ஆகவே நீலம்தான் மருந்து என்று மனது முடிவு கட்டிவிடுகிறது. பிரிட்டனில் ஆஸ்துமா மரணங்களை ஆராய்ந்து 2014ல் வந்த அறிக்கை இந்த முடிவின் விலையைக் காட்டியது. உடனடி நிவாரண இன்ஹேலர் எழுதப்பட்டு, எத்தனை என்ற விவரமும் கிடைத்தவர்களில் 39 விழுக்காட்டினருக்கு, இறப்பதற்கு முந்தைய ஒரு வருடத்தில் 12க்கும் மேற்பட்ட குப்பிகள் எழுதப்பட்டிருந்தன.

இதற்கு ஆராய்ச்சியாளர்கள் கண்ட வழி எனக்கு அழகாகப் படுகிறது. மனிதர்கள் மூச்சு முட்டும்போதுதான் இன்ஹேலரைத் தேடுவார்கள் என்றால், அந்த இன்ஹேலருக்குள்ளேயே ஸ்டீராய்டையும் வைத்துவிட்டால் என்ன? சீக்கிரம் வேலை செய்து நீண்ட நேரமும் தாங்கும் ஃபார்மோடெரால் என்ற குழாய் விரிக்கும் மருந்தோடு புடெசொனைடு என்ற ஸ்டீராய்டைச் சேர்த்து, இலேசான ஆஸ்துமா உள்ளவர்களுக்குத் தேவைப்படும்போது மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். 2018ல் வெளியான ஒரு பெரிய சோதனையில், வெறும் நிவாரண மருந்து எடுத்தவர்களைவிட இவர்களுக்குக் கடும் இழுப்பு 64 விழுக்காடு குறைவு. அடுத்த வருடமே உலக ஆஸ்துமா வழிகாட்டுக் குழுவான ஜினா, பெரியவர்களுக்கும் வளரிளம் பிள்ளைகளுக்கும் நீல இன்ஹேலரை மட்டும் தனியாகக் கொடுப்பதைக் கைவிடச் சொன்னது. உலக நோய்ச்சுமை ஆய்வின் 2019 மதிப்பீட்டில் ஆஸ்துமா நோயாளிகளில் ஏறக்குறைய எட்டில் ஒருவர் இந்தியர், ஆனால் ஆஸ்துமா மரணங்களில் 40 விழுக்காட்டுக்கு மேல் இந்தியாவில். அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவே இருக்கும் இடைவெளிக்குள் என் அம்மாவும் எட்டு வருடம் இருந்திருக்கிறார்.

ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதும் அம்மா முகம் மாறியது. நர்ஸ் அவசரப்படவில்லை. ஒரு அழுத்தத்தில் இருப்பது மைக்ரோகிராம் கணக்கு, மாத்திரையில் இருப்பது மில்லிகிராம் கணக்கு என்று விரலை மடக்கிக் காட்டினார். எடுத்த பிறகு தண்ணீர் விட்டு வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளைப் பூஞ்சை படியும் என்றார். ஸ்பேஸரை வாரம் ஒரு தடவை சோப்புத் தண்ணீரில் அலசி, துடைக்காமல் அப்படியே காயவைக்கச் சொன்னார். துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் ஏறி மருந்தைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளுமாம்.

மூன்று மாதம் கழித்துப் போனபோதும் அதே கேள்வியைத்தான் கேட்டார்: "எடுத்துக் காட்டுங்கம்மா." அம்மா நன்றாகத்தான் இழுத்தார், ஆனால் மூச்சைப் பிடித்தது மூன்று எண்ணுவதற்குள் முடிந்துவிட்டது. கற்றது நாளாக ஆகத் தேய்ந்துவிடும், அதனால்தான் ஒவ்வொரு தடவையும் பார்க்கிறேன் என்றார் அவர். இப்போது அம்மா காலையில் பீரோ கண்ணாடி முன்னால் நின்று எடுக்கிறார். வாயை மூடிக்கொண்டு, ஒவ்வொரு விரலாக மடக்கி, பத்தாவது விரல் மடங்கிய பிறகு மெதுவாக மூச்சை விடுகிறார். கண்ணாடிப் பக்கம் புகை எதுவும் வருவதில்லை.