பி நெகட்டிவ் ரத்தமும் குரங்கின் பெயரும்

போன மாதம் ஒரு கர்ப்பிணியின் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, "உனக்கு பி நெகட்டிவ்மா" என்றேன். பக்கத்தில் இருந்த மாமியார் சட்டென்று செல்போனை நீட்டினார். "டாக்டரம்மா, ஆர்எச்னா குரங்கு ரத்தம்னு இதுல போட்டிருக்கு. பிள்ளை தங்குமா?" மருமகளின் கண்ணில் நீர் முட்டிவிட்டது.

குரங்கு ரத்தம் யார் உடம்பிலும் ஓடவில்லை. பெயர் மட்டும்தான் அங்கிருந்து வந்தது. 1940இல் நியூயார்க்கில் லேண்ட்ஸ்டெய்னர், வீனர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், நம் வட இந்தியாவில் திரிகிற ரீசஸ் (Rhesus) குரங்கின் சிவப்பணுக்களை முயலுக்கும் கினிப்பன்றிக்கும் செலுத்தினார்கள். அதனால் உண்டான எதிர்ப்பொருளை மனித ரத்தத்தோடு சேர்த்தபோது, சோதித்தவர்களில் சுமார் 85 சதவீதம் பேரின் ரத்தம் கட்டிகட்டியாகத் திரண்டது. அவர்கள் ஆர்எச் பாசிட்டிவ், மற்றவர்கள் நெகட்டிவ். நம் நாட்டில் நெகட்டிவ் உள்ளவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் இருப்பார்கள். பின்னால் நுணுக்கமாகப் பார்த்தபோது, குரங்கின் அணுவை வைத்துக் கண்டது வேறொரு பொருள், பிரசவத்தில் சிக்கல் தரும் டி (D) ஆன்டிஜென் என்கிற சிவப்பணுவின் மேலுள்ள பொருள் வேறு என்று தெரிந்தது. அதற்குள் பெயர் நிலைத்துவிட்டது.

அப்படியானால் குரங்கை வைத்து ஆராய்வதே வீணா? இல்லை. என் துறையிலேயே தாலிடோமைடு இருக்கிறது. 1957இல் மேற்கு ஜெர்மனியில் கடைக்கு வந்த தூக்க மாத்திரை. கர்ப்பிணிகள் வாந்திக்கும் விழுங்கினார்கள். 1961 கடைசியில் அதைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் அந்த மாத்திரையால் கைகால் குறுகிய குழந்தைகள் உலகெங்கும் பத்தாயிரத்துக்கு மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதே மருந்தைச் சினை எலிக்குக் கொடுத்தால் குட்டிகளின் கால்கள் பெரும்பாலும் நன்றாகவே இருந்தன. சினைக் குரங்குக்குக் கொடுத்தபோதுதான் மனிதக் குழந்தைக்கு வந்த அதே குறை வந்தது. மருந்து போய்ப் பற்றிக்கொள்ளும் புரதம் எலியில் துளி மாறியிருக்கிறது. அந்தத் துளிதான் எலியைக் காப்பாற்றியது. 2007இல் ரீசஸ் குரங்கின் மரபணுத் தொகுப்பு வெளியானபோது, நம்மோடு 93 சதவீதம் ஒத்துப்போவதைக் கண்டார்கள்.

மிச்சம் 7 சதவீதத்தை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு லண்டனில் 2006 மார்ச்சில் நடந்தது சாட்சி. டிஜிஎன்1412 என்ற புது மருந்து. நீள்வால் மக்காக் குரங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது தொந்தரவு ஒன்றும் இல்லை. குரங்குக்குத் தந்ததில் 500இல் ஒரு பங்கைத்தான் ஆரோக்கியமான ஆறு இளைஞர்களுக்கு ஏற்றினார்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் தலைவலி, குளிர் நடுக்கம், அப்புறம் ஒவ்வொரு உறுப்பாகச் செயலிழப்பு. ஆறு பேரும் பிழைத்தது பெரிய விஷயம். ஒருவர் விரல்களை இழந்தார். மருந்து போய் ஒட்டும் மூலக்கூறு மனிதனின் ஒருவகை நினைவு டி (T) அணுக்களில், அதாவது நோய் எதிர்ப்பு அணுக்களில், இருக்கிறது, அந்தக் குரங்கின் அதே அணுக்களில் இல்லை. காரணமாக முன்வைக்கப்பட்டது இதுதான்.

அதனால் குரங்குச் சோதனை முழுக்க வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை, முக்கியமாகக் கருவைப் பற்றிய கேள்விகளில். ஆனால் செல் வளர்ப்பிலோ கணினியிலோ விடை கிடைக்கும் கேள்விக்காக ஒரு குரங்கைக் கூண்டில் அடைப்பது தவறு என்று உறுதியாக நினைக்கிறேன். போலியோ தடுப்பூசிக்கு ரீசஸ் குரங்கின் சிறுநீரகச் செல்கள் தேவைப்பட்டன என்று இங்கிருந்து லட்சக்கணக்கில் பிடித்து அனுப்பியிருக்கிறோம். 1978இல்தான் அந்த ஏற்றுமதி நின்றது.

சரி, நெகட்டிவ் தாய்க்கு வருவோம். கணவர் பாசிட்டிவ் என்றால் குழந்தையும் பாசிட்டிவாக இருக்கலாம். அதன் அணுக்கள் தாயின் ரத்தத்தில் கலந்தால் அவர் உடம்பு எதிர்ப்பொருள் உண்டாக்கும். அது குழந்தையின் சிவப்பணுக்களை அழிக்கும். பெரும்பாலும் முதல் குழந்தை தப்பிவிடும், அடுத்தது மாட்டிக்கொள்ளும். இதைத் தடுக்கத்தான் ஆன்டி-டி (anti-D) ஊசி. இது வேலை செய்யும் என்று காட்டிய முக்கியச் சோதனைகள் குரங்கில் நடக்கவில்லை. 1960களில் நியூயார்க்கின் சிங் சிங் சிறையில், நெகட்டிவ் ரத்தமுள்ள கைதிகளிடம் நடந்தன. 1968இல் ஊசி புழக்கத்துக்கு வந்தது.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு பெண்ணுக்கு முதல் கரு நான்காம் மாதம் கலைந்திருந்தது. சுத்தம் செய்த இடத்தில் ரத்த வகையை எழுதியிருந்தார்கள், ஊசி போடவில்லை. இரண்டாவது முறை ஆறாம் மாத ஸ்கேனில் குழந்தையின் வயிற்றிலும் நெஞ்சிலும் நீர் கோத்திருந்தது, தலைத்தோல் உப்பியிருந்தது. கருவுக்கே ரத்தம் ஏற்ற அனுப்பினோம். காப்பாற்ற முடியவில்லை. அந்தச் சீட்டில் 'ஓ நெகட்டிவ்' என்று சிவப்பு மையில் அடிக்கோடிட்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதனால் இந்த ஊசியைக் கேட்டு வாங்குங்கள். 28வது வாரத்தில் ஒன்று. குழந்தை பாசிட்டிவ் என்றால் பிரசவமான 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. கரு கலைந்தாலும், கர்ப்பத்தில் வயிற்றில் அடிபட்டாலும் ஊசி தேவையா என்று அன்றே கேளுங்கள்.

மருமகளின் சீட்டில் தேதியை எழுதி வட்டமிட்டேன். "இந்த ஊசியும் குரங்குகிட்ட எடுக்கறதா?" என்றார் மாமியார். இல்லம்மா, மனிதர்கள் தானம் தந்த பிளாஸ்மாவிலிருந்து எடுப்பார்கள், ஆய்வகத்தில் செல் வளர்த்துத் தயாரிப்பதும் உண்டு என்றேன்.

"அப்ப சரி. எந்த மாசம் கூட்டிட்டு வரணும்?"