முதலில் பல்பை மாற்றுங்கள்

திண்டுக்கல் பக்கம் ஒரு சின்ன ஊர். ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அங்கிருந்த தியேட்டர் ஓனர் போன் செய்தார். "படம் இருட்டா தெரியுதுன்னு நேத்து ரெண்டு பேர் கவுன்டர்ல வந்து சண்டை போட்டுட்டாங்க. நாளைக்குப் புதுப்படம் வேற. ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்றார். தியேட்டர் புரொஜெக்டரும் சவுண்டும் சர்வீஸ் செய்வதுதான் என் பிழைப்பு. புரொஜெக்டருக்குள் வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சி எரிந்துகொண்டிருந்த காலத்தின் கடைசியில் எடுபிடியாகச் சேர்ந்தவன். படச்சுருள் பெட்டி வந்துவிட்டதா என்று பஸ் ஸ்டாண்டில் போய் நின்றதும் உண்டு. இப்போது டிஜிட்டல் படத்தைத் திறக்கிற கீ வரவில்லை என்று நள்ளிரவில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் உண்டு.

போய்ச் சேர்ந்ததும் திரையில் வெறும் வெள்ளையை ஓடவிட்டு மீட்டரைப் பிடித்தேன். தியேட்டர் திரையின் நடுவில் 14 ஃபுட்லாம்பர்ட் வெளிச்சம் இருக்க வேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள அளவு. டிவி விற்பவர்கள் சொல்லும் நிட்ஸ் கணக்கில் 48. அங்கே நடுவில் ஐந்தரை, ஓரங்களில் மூன்று. ராத்திரியில் நடக்கும் சண்டைக் காட்சி என்றால் யார் யாரை அடித்தார் என்று சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓனர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார்: "ஓடிடி வந்து தொழிலையே கெடுத்துடுச்சு தம்பி."

இந்தப் பேச்சை நான் போகிற ஊரிலெல்லாம் கேட்கிறேன். பாதி உண்மை. மற்றப் பாதியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

புரொஜெக்டர் இருக்கும் கேபினுக்கு ஏறினேன். ஆபரேட்டர் அண்ணன் அங்கே என்னைவிட மூத்த சர்வீஸ். நான் வாயைத் திறப்பதற்குள் பல்பு ஓடிய மணிக்கணக்கைக் காட்டினார். அது 1,500 மணி நேரத்துக்கான செனான் பல்பு. 2,300 தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. "மூணு மாசமாச் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார் மெதுவாக. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு நாலு ஷோ, ஷோவுக்கு மூன்று மணி நேரம், மாசத்துக்கு 360 மணி நேரம். நாலு மாசத்துக்கு ஒரு பல்பு தேவை. ஒரு பல்பின் விலை அந்த ஆபரேட்டரின் மாசச் சம்பளத்தைவிட அதிகம். அதனால் ஓனர்கள் இழுத்து ஓட்டுகிறார்கள். செனான் பல்பு ஒரேயடியாகச் சாகாது, கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். தினமும் பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. இதில் ஆபத்தும் இருக்கிறது. உள்ளே வாயு அழுத்தம் அதிகம், வயசான பல்பு வெடித்தால் பின்னால் வெளிச்சத்தைத் திருப்பிவிடும் கண்ணாடியையும் சேர்த்துக்கொண்டு போகும். முகமூடியும் கனமான கோட்டும் போட்டுக்கொண்டுதான் நாங்கள் அதைக் கையில் எடுப்போம்.

அப்புறம் கேபின் ஜன்னல். படம் வெளியே போகிற அந்தச் சின்னக் கண்ணாடியைத் துணியால் துடைத்தேன். துணி காப்பிப்பொடி நிறத்தில் வந்தது. கீழே கேண்டீனில் வடை போடுகிற புகை வருஷக்கணக்கில் வந்து படிந்திருக்கிறது. பத்து பைசா செலவில்லாமல், துடைத்ததிலேயே அரை ஃபுட்லாம்பர்ட் ஏறியது.

வீட்டில் இருக்கும் சாதாரண டிவியே 200, 300 நிட்ஸ் வெளிச்சம் தரும். தியேட்டரில் 48 போதுமென்றால், இருட்டில் கண் பழகிக்கொள்ளும் என்பதால்தான். அந்த 48-ஐயும் பத்துக்கும் இருபதுக்கும் கொண்டுவந்துவிட்டு, எக்ஸிட் பக்கம் ஒரு டியூப்லைட்டையும் எரியவிட்டால், காசு கொடுத்து வந்தவன் வீட்டு டிவியைவிட மட்டமான படத்தைப் பார்த்துவிட்டுப் போகிறான். அவனுக்குக் காரணம் சொல்லத் தெரியாது. "என்னமோ தியேட்டர்ல பார்த்த மாதிரியே இல்ல" என்பான். அடுத்த படத்துக்கு வர மாட்டான்.

சவுண்டும் இதே கதைதான். சவுண்ட் பிராசசரில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கப் பூஜ்ஜியத்திலிருந்து பத்து வரை எண் இருக்கும். படத்துக்கு ஒலிக்கலவை செய்கிறவர்கள் ஏழில் வைத்துக் கேட்டுத்தான் செய்கிறார்கள். அங்கே நாலில் இருந்தது. ஏன் என்று கேட்டால், சத்தம் காதைப் பிளக்கிறது என்று குழந்தையோடு வந்தவர்கள் புகார் சொன்னார்களாம். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. இப்போது சில படங்களை முதல் ரீலிலிருந்தே கத்தவிட்டுத்தான் அனுப்புகிறார்கள். ஆனால் நாலுக்கு இறக்கினால் அடிதடி மட்டுமா குறைகிறது, வசனமும் சேர்ந்து போய்விடுகிறது. அது போக, இடது சுவரில் இரண்டு ஸ்பீக்கர் செத்துக் கிடந்தது. வசனம் வருகிற நடு ஸ்பீக்கர் திரைக்குப் பின்னால் இருக்கிறது. அதன் சத்தம் திரையில் இருக்கும் பொடிப்பொடி ஓட்டைகள் வழியாகத்தான் நம்மிடம் வர வேண்டும். ஓட்டையெல்லாம் தூசி. மூக்கடைப்போடு பேசுகிற மாதிரி ஒரு கதாநாயகன்.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். சரக்கு என்று பார்த்தால் தியேட்டருக்கு வருவதுதான் இன்றைக்கும் உசத்தி. தியேட்டருக்கு வரும் டிஜிட்டல் படம் நொடிக்கு 250 மெகாபிட் வரை போகும். வீட்டுக்கு வரும் 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்கும் இணைய வேகம் 15 மெகாபிட். நல்ல அரிசியைக் கொடுத்தும் குழைய வடித்துவிட்டு, பக்கத்துக் கடைப் பிரியாணியைத் திட்டுகிறோம்.

சரி, ஓடிடியின் பங்கு என்ன? அதையும் மறைக்க வேண்டாம். 2020-இல் எட்டு மாசம் பூட்டிக் கிடந்த தமிழ்நாட்டுத் தியேட்டர்கள் நவம்பர் 10-ஆம் தேதி திறந்தன. 12-ஆம் தேதி 'சூரரைப் போற்று' நேராக அமேசான் பிரைமில் வந்தது. திறந்து வைத்த தியேட்டரில் போட நல்ல படம் இல்லை. அடுத்த பொங்கலுக்கு 'மாஸ்டர்' வந்து, பாதி சீட்டுக்கு மட்டும் அனுமதி இருந்தபோதே கூட்டத்தை இழுத்துக்கொண்டு வந்தது. ஜனவரி 13-இல் வந்த படம் 29-ஆம் தேதி பிரைமுக்குப் போய்விட்டது. பதினாறே நாள்.

பிறகு தியேட்டருக்கு வந்து நாலு வாரம் கழித்து ஓடிடி என்று ஒரு வழக்கம் வந்தது. அந்த நாலு வாரம் தியேட்டர்காரருக்கு எப்படிக் கட்டுப்படியாகாமல் போகிறது என்பது வெளியே பலருக்குத் தெரிவதில்லை. முதல் வாரக் கலெக்‌ஷனில் பெரும்பங்கு விநியோகஸ்தருக்கு. வாரம் போகப் போகத்தான் தியேட்டரின் பங்கு ஏறும். அது ஏறுகிற நேரத்தில் ஓடிடி தேதி அறிவிப்பு வந்துவிடும். "இன்னும் பத்து நாள்தானே, வீட்லயே பார்த்துக்கலாம்" என்று குடும்பங்கள் நின்றுவிடும். முதல் மூன்று நாள் முண்டியடிக்கிற ரசிகர்களை நம்பி மட்டும் ஒரு சின்ன ஊர்த் தியேட்டர் கரண்ட் பில் கட்ட முடியாது. எட்டு வாரம் வேண்டும் என்று தியேட்டர் உரிமையாளர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. வடக்கே பெரிய மல்டிபிளெக்ஸ்கள் இந்திப் படங்களுக்கு எட்டு வாரம் இல்லாவிட்டால் திரை கொடுப்பதில்லை. தயாரிப்பாளருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஓடிடி பணத்தை நம்பித்தான் பல படங்கள் பூஜையே போடுகின்றன.

ஆனால் வீட்டில் கிடைக்கிறது என்பதாலேயே ஜனங்கள் வரவில்லை என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள். 'கில்லி' 2004-இல் வந்த படம். டிவியில் எத்தனை தடவை போட்டார்கள் என்பதற்குக் கணக்கே கிடையாது, யூடியூப் முழுக்க அதன் துண்டுகள். 2024 ஏப்ரலில் திரும்ப ரிலீஸ் செய்தபோது ஹவுஸ்ஃபுல். வசனமெல்லாம் மனப்பாடமாகத் தெரிந்தவர்கள்தான் வந்தார்கள். அந்த வாரம் நான் வேலைக்குப் போயிருந்த ஒரு தியேட்டரில், கபடி மேட்ச் வரும்போது கேபின் தரை அதிர்ந்தது. அது ஸ்பீக்கரால் மட்டும் இல்லை.

எல்லாத் தியேட்டரும் பிழைக்காது. சென்னை அசோக் நகர் உதயம் 2024-இல் மூடிவிட்டது. தெற்கே நான் பார்த்த பல தியேட்டர்கள் இன்று கல்யாண மண்டபமாகவும் குடோனாகவும் நிற்கின்றன. மெயின் ரோட்டில் அத்தனை பெரிய இடத்தை வைத்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமை மேட்னிக்கு முப்பது பேருக்காக ஏசி போட எந்த வாரிசுக்கும் மனசு வராது. பிழைக்கிறவை எப்படிப் பிழைக்கின்றன என்றால், 900 சீட்டை இரண்டாக உடைத்து, சீட்டைக் குறைத்து, கக்கூஸைச் சுத்தமாக வைத்து (இதைத் தனியாக எழுத வேண்டும்), லேசருக்கு மாறுகின்றன. லேசரில் பல்பே இல்லை. 20,000 மணி நேரம் ஓடும் என்று கம்பெனிக்காரர்கள் கணக்குக் கொடுக்கிறார்கள். முதல் செலவு பெரிசு. 2025 செப்டம்பரிலிருந்து 100 ரூபாய் வரையுள்ள டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது சின்ன ஊர்த் தியேட்டர்களுக்குக் கொஞ்சம் மூச்சு.

இப்போது டிக்கெட் வாங்குகிற உங்களுக்கு. படத்தில் ராத்திரிக் காட்சியில் முகம் தெரியவில்லையென்றால் கேமராமேனைத் திட்டுவதற்கு முன்னால் திரையின் நாலு மூலையையும் பாருங்கள். நடுவைவிட மூலைகள் ரொம்ப இருட்டாக இருந்தால், வெள்ளை எழுத்து பழுப்பாகத் தெரிந்தால், கோளாறு கேபினில். சுற்றுச்சுவர் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தும் மழைச் சத்தம் முன்னாலிருந்து மட்டும் வந்தால் அந்த ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை. படம் முடிந்து வீட்டுக்குப் போய் ஒரு ஸ்டார் கொடுப்பதில் பிரயோஜனம் இல்லை, அதை யாரும் கேபினுக்குக் கொண்டுவந்து காட்டுவதில்லை. இடைவேளையில் மேனேஜரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். சத்தத்தைக் கூட்டுவது, கண்ணாடியைத் துடைப்பது, ஃபோகஸ் சரிசெய்வது எல்லாம் ஐந்து நிமிஷ வேலை. பல்பு அன்றைக்கே மாறாது. ஆனால் மூன்று மாசமாக ஆபரேட்டர் சொல்லி நடக்காதது, நாலு டிக்கெட்காரர்கள் சொன்னால் நடக்கும். நான் அந்த ஊருக்குப் போனதே அப்படித்தான்.

வெள்ளிக்கிழமை காலைக்குள் புதுப் பல்பு வந்து சேர்ந்தது. மாட்டி, கண்ணாடியெல்லாம் சரிசெய்து மீட்டர் வைத்தால் நடுவில் பதின்மூன்றரை. சவுண்டை ஆறரையில் நிறுத்தினேன். ஏழுக்கு ஓனர் ஒத்துக்கொள்ளவில்லை. முதல் ஷோ தொடங்கியதும் அவர் பின்சுவரோரம் வந்து என் பக்கத்தில் நின்றார். தன் தியேட்டரில் தானே படம் பார்த்து வருஷமாகிவிட்டது என்றார். பத்து நிமிஷம் பேசாமல் பார்த்தார்.

"சண்டை போட்ட அந்த ரெண்டு பேரும் எந்த ஊருன்னு தெரியல. நம்பராச்சும் வாங்கி வெச்சிருந்தா இன்னைக்குக் கூப்பிட்டிருக்கலாம்" என்றார்.