நெருப்பு சுமத்ராவில், இருமல் கிள்ளானில்

மலேசியாவின் கிள்ளானில் கிளினிக் வைத்திருக்கும் எனக்கு, இந்தோனேசியத் தீயின் புகைமூட்டம் வந்த செய்தியை முதலில் சொல்வது, மருந்தை மூச்சுவழி கொடுக்கும் நெபுலைசர் கருவிதான். ஆகஸ்ட், செப்டம்பரில் ஏதோ ஒருநாள் கிளினிக் திறக்கும்போதே அதற்கு நாலு பேர் காத்திருப்பார்கள், அதில் பாதிப் பேர் இன்ஹேலரை எங்கே வைத்தோம் என்பதையே மறந்தவர்கள். அப்படி வந்த ஒரு பாட்டி, மூச்சு சீரானதும் கேட்டார்: “ஏன் டாக்டர், அங்க கொளுத்துறவன நம்ம போலீஸ் போய்ப் பிடிக்க முடியாதா?”

முடியாது. ஆனால் கேள்வி சரியானது.

இந்தோனேசியாவின் சுமத்ராவிலும் களிமந்தானிலும் எரிவதில் மோசமானது கரிமண் சதுப்பு. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நீரில் ஊறிக் கிடந்த மரமும் இலையும்தான் அந்த மண். செம்பனை நடுவதற்கும் காகிதத்துக்கான மரம் வளர்ப்பதற்கும் கால்வாய் வெட்டி நீரை வடித்துவிட்டால் நிலம் முழுக்கக் காய்ந்த விறகு. மேலே அணைத்தாலும் உள்ளே வாரக்கணக்கில் கனன்றுகொண்டே போகும், பெருமழை வந்தால்தான் அடங்கும். இங்கே எத்தனை முகக்கவசம் கொடுத்தாலும் சரி, அந்தக் கால்வாயை அடைத்து நிலத்தை மறுபடி நனைக்க இந்தோனேசியா மனது வைக்க வேண்டும்.

அதனால்தான் தென்கிழக்காசியக் கூட்டமைப்பான ஆசியானின் நாடுகள் 2002இல் கோலாலம்பூரில் புகைமூட்ட ஒப்பந்தம் போட்டன. இந்தோனேசிய நாடாளுமன்றம் அதை ஏற்றது 2014இல்! இடையில் 2013 ஜூனில் ஜொகூரின் மூவாரில் ஐபியு, அதாவது மலேசியாவின் காற்று மாசுக் குறியீடு, 746ஐத் தொட்டது. 300ஐத் தாண்டினாலே ஆபத்து என்று கணக்கு. ஒப்பந்தத்தில் அபராதம் எதுவும் கிடையாது, அடுத்த வீட்டு விவகாரத்தில் தலையிடுவது ஆசியானுக்கு வழக்கமும் இல்லை. அப்படியிருந்தும் சிங்கப்பூரில் உள்ள ஆசியான் வானிலை மையம் துணைக்கோளத்தில் தீப்புள்ளிகளைப் பார்த்து எல்லா நாடுகளுக்கும் எச்சரிக்கை கொடுக்கிறதே, அது எனக்குப் பெரிய உதவி. மருந்தை முன்கூட்டியே வாங்கி வைத்துவிடலாம்.

இந்தோனேசியாவை மட்டும் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அங்குள்ள தோட்டங்கள் சிலவற்றில் மலேசிய, சிங்கப்பூர் முதலீடு இருக்கிறது: லாபம் இந்தப் பக்கம் வருகிறது, கூடவே புகையும் வருகிறது. சிங்கப்பூர் 2014இல் கொண்டுவந்த சட்டம் இதைத்தான் குறிவைக்கிறது. தீ எந்த நாட்டில் எரிந்தாலும் காரணமான நிறுவனத்துக்கு நாளொன்றுக்கு ஒரு லட்சம் சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) வரை அபராதம் விதிக்கலாம். மலேசியாவிலும் அப்படி ஒன்று வர வேண்டும் என்பது என் கருத்து. அப்புறம், கிள்ளானுக்குப் பக்கத்திலேயே நம் ஜொஹான் செத்தியாவிலும் கரிமண் எரிகிறது, அதற்கு யாரைக் குறை சொல்வது? 2015இல் அதிகம் திணறியவர்களும் இந்தோனேசிய மக்களே. அந்த ஆண்டில் 26 லட்சம் ஹெக்டர் எரிந்தது.

பாட்டிக்கு இவ்வளவும் சொல்லவில்லை. ஐபியு 100ஐத் தாண்டினால் காலை நடை வேண்டாம், ஜன்னலைச் சாத்துங்கள், வெளியே போனால் துணிக் கவசம் போதாது, என்95 போடுங்கள் என்றேன். இன்ஹேலரில் மருந்து மிச்சம் இருக்கிறதா என்பதை ஜூன் மாதமே பார்த்துவிடச் சொன்னேன்.