குப்பை மேட்ட மூடியாச்சு, இனி பாடாங் போடலாமா?

எங்க பெக்கானுக்கு (சின்ன டவுனுக்கு) பின்னால செம்பனைத் தோட்டம் முடியுற எடத்துல ஒரு பழைய குப்பை மேடு இருக்கு, லோரி வர்றது நின்னு ரொம்ப வருசமாச்சு, இப்ப லாலாங் புல்லு மொளச்சு பாக்க சாதாரண குன்னு மாதிரிதான் தெரியும். தேர்தல் வந்தா போதும், அங்க பாடாங் (வெளையாட்டுத் தெடல்) போடுறோம், மண்டபம் கட்டுறோம்னு பேச்சு கெளம்பிரும். பாடாங் சரி. மண்டபம்னா கொஞ்சம் நில்லுங்க, ஏன்னா உள்ள கெடக்குற குப்பை இன்னும் வேல செஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு.

நம்ம மலேசியா குப்பையில பெரும்பங்கு சாப்பாட்டு மிச்சம், அதுவும் ஈரமா இருக்கும். அத கொட்டி மேல மண்ணத் தள்ளுனதும் உள்ள இருக்குற ஆக்ஸிஜன் சீக்கிரமே தீந்துரும், அப்புறம் காத்து இல்லாமலே வாழுற பாக்டீரியா வந்து மொதல்ல எல்லாத்தையும் ஆசிடா மாத்தும், அந்த ஆசிட்ட இன்னொரு கூட்டம் தின்னு மீத்தேன் விடும். வர்ற கேஸ்ல பாதி மீத்தேன், மிச்சம் பெரும்பாலும் கரியமில வாயு. அழுகுன முட்ட நாத்தம் அடிக்குதே, அது ஹைட்ரஜன் சல்பைடு, துளியூண்டுதான் இருக்கும் ஆனா மூக்கு கண்டுபுடிச்சிரும். மீத்தேனுக்கு வாடையே கெடையாது, அதான் வம்பு. காத்துல 5லேர்ந்து 15 சதவீதம் கலந்துருச்சுன்னா ஒரு தீப்பொறி போதும்.

மழ விட்ட ஒடனே இந்த மாதிரி மேட்டுல ஏறிப் பாத்தா, குழியில தேங்குன தண்ணியில சின்னச் சின்னதா குமிழி விட்டுக்கிட்டே இருக்கும், ஓரமா வட்டமா ஒரு மொட்டத் தரையும் இருக்கும். கேஸ் மண்ணுல இருக்குற ஆக்ஸிஜன தள்ளி விட்டுருது, வேரு மூச்சு விட முடியல. தோட்டத்துல மருந்து மேல மருந்து அடிச்சும் திரும்பத் திரும்ப வர்ற லாலாங்கே அங்க மொளைக்க மாட்டேங்குதுன்னா பாத்துக்குங்களேன்.

இங்கிலாந்துல லோஸ்கோன்னு ஒரு ஊரு, 1986 மார்ச்ல அங்க ஒரு வீடு வெடிச்சு மூணு பேருக்கு பலத்த காயம். குப்பைக்கு மேல கட்டுன வீடு கூட இல்ல, மூடுன குப்பைக் குழிக்குப் பக்கத்துல இருந்த வீடு. அன்னிக்கு காத்தழுத்தம் கடகடன்னு எறங்கிருச்சு, மேலேர்ந்து அமுக்குறது கொறஞ்சதும் உள்ள இருந்த கேஸ் பாறை வெடிப்பு வழியா பக்கவாட்டுல ஓடி வீட்டுக்கு அடியில சேந்துருச்சு. அதனால மேல களிமண்ணும் பிளாஸ்டிக் விரிப்பும் போட்டு இறுக்கி மூடுனா மட்டும் பத்தாது, இறுக்கி மூடுனா கேஸ் வேற வழி தேடும். ஓட்ட போட்ட குழாய குப்பைக்குள்ள எறக்கி, கேஸ உறிஞ்சி எரிக்கணும். எரிச்சா கரியமில வாயு வரும்தான், ஆனா நூறு வருச கணக்குல மீத்தேன் அதவிட ஏறக்குறைய 28 மடங்கு சூட்ட புடிச்சு வைக்கும், அதுக்கு எரிக்கிறதே மேல். கேஸ் நெறைய வந்தா கரண்டே எடுக்கலாம், பூச்சோங் ஆயர் ஹீத்தாம் குப்பை மேட்டுல எடுத்தாங்க. 1995ல தொறந்த அந்த எடத்த 2006ல மூடிட்டாங்க.

அடுத்தது தண்ணி. மழத்தண்ணி குப்பைக்குள்ள எறங்கி, அதுல கரையுறத எல்லாம் சொமந்துக்கிட்டு கருப்பா வெளிய வரும், அதுக்கு லீச்சேட்னு பேரு. அம்மோனியா அதிகம், இரும்பும் இருக்கும், அதான் லொங்காங்குல (சாக்கடையில) செவப்பு கலந்த ஆரஞ்சு நெறத்துல வழவழன்னு படிஞ்சு கெடக்கும். செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவுல 2005ல தொறந்த புக்கிட் தாகார் மாதிரி புது குப்பை எடங்கள்ல அடியில கெட்டி பிளாஸ்டிக் விரிப்பு இருக்கு, லீச்சேட்ட குழாயில சேத்து சுத்தம் பண்ணித்தான் விடுவாங்க. பழைய மேடுகள்ல பெரும்பாலும் அடியில ஒன்னுமே கெடையாது, அப்படியே மண்ணுல கொட்டுனது. ஒரு மேட்டப் பத்தி மொதல்ல கேக்க வேண்டிய கேள்வி இதுதான், மேல எவ்வளவு அழகா புல்லு நட்டாலும் கீழ போறத அது நிறுத்தாது. சிங்கப்பூர்ல 1999ல மூடுன லோரோங் ஹாலுஸ் குப்பை மேட்டுல இதுக்கு ஒரு நல்ல வேல பண்ணியிருக்காங்க, லீச்சேட் பக்கத்துல இருக்குற நீர்த்தேக்கத்துல கலக்காம புடிச்சு, நாணல் வளர்த்த குளங்கள்ல விட்டு சுத்தம் பண்றாங்க, சனங்க அங்க காலையில நடக்கவும் போறாங்க.

சரி, மண்டபம் ஏன் கூடாதுன்னு சொன்னேன்? ஒன்னு, மூடுன அறைக்குள்ள கேஸ் தேங்கும். இன்னொன்னு, குப்பை மக்க மக்க மேடு கீழ எறங்கும், மொத்த ஒசரத்துல பத்துல ஒரு பங்கு, சில எடத்துல அதுக்கும் மேல, பல வருசத்துக்கு. சமமா எறங்குனாலும் பரவாயில்ல, ஒரு பக்கம் டயரு, ஒரு பக்கம் காய்கறி, ஒரு பக்கம் ஒடச்ச செங்கல், அதனால பழைய பஞ்சு மெத்த மாதிரி அங்கங்க குழி விழும். செவரு பொளந்துரும். நல்ல மண்ணு வரைக்கும் பைலிங் தூண அடிச்சு எறக்கலாமேன்னு கேப்பாங்க, எறக்கலாம், ஆனா அது மேல மூடியையும் கீழ விரிப்பு இருந்தா அதையும் சேத்து ஓட்ட போட்டுரும், சாமான்யமா அடைக்க முடியாது, செலவு வேற.

பாடாங்குக்கு இந்த தொல்ல கம்மி. குழி விழுந்தா மண்ணக் கொட்டி சமன் பண்ணிக்கலாம், மேல காத்து ஓடுறதால கேஸ் தேங்காது. சோலாரும் போடலாம்னு கேள்விப்பட்டிருப்பீங்க, நெகிரி செம்பிலான் பாஜாம்ல மூடுன குப்பை மேட்டுல சோலார் பேனல் ஓடுது, அந்த மாதிரி எடத்துல தரையக் குத்தாம கான்கிரீட் கட்டைங்க மேல சட்டத்த நிறுத்துறதுதான் வழக்கம். சியோல்ல நான்ஜிடோன்னு 1978லேர்ந்து 1993 வரைக்கும் கொட்டி கிட்டத்தட்ட 100 மீட்டர் ஒசந்து நின்ன மேட்ட 2002 உலகக் கோப்பை சமயத்துல பூங்காவா தொறந்தாங்க, இப்பவும் அங்க கேஸையும் லீச்சேட்டையும் புடிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க.

நம்ம ஊர்ல பாடாங் வந்துச்சுன்னா ஓரத்துல கேஸ் குழாய் நீட்டிக்கிட்டு நிக்கும், நாத்தம் அடிக்குதுன்னு யாரும் துணிய வச்சு அடைச்சிராதீங்க. சிகரெட்டும் கிட்ட வேணாம். போன வாரம் சாப்பாட்டுக் கடையில ஒரு அண்ணன் திருவிழாவுக்கு தீமிதிக் குழிய அந்த மேட்டுலயே வெட்டிரலாம், எடம் தாராளமா இருக்குன்னாரு.