ராக் கிராலிங்: தமிழில் பாறையூர்தல்

ராக் கிராலிங் என்பது பாறைகளின்மேல் வண்டி ஓட்டுவது. ‘ஓட்டுவது’ என்பதே கொஞ்சம் மிகை. நான்கு சக்கரத்துக்கும் விசை போகிற வண்டியை, சக்கர உயரத்துக்குப் பாறைகள் தாறுமாறாகக் கிடக்கிற மலைத்தடத்தில், பக்கத்தில் நடந்து வருகிற ஆளைவிட மெதுவாகக் கொண்டுபோக வேண்டும். இதற்கென்று நடக்கும் போட்டிகள் பலவற்றில் யார் முந்துகிறார் என்பது பெரிய விஷயமில்லை. வழியின் இருபுறமும் வைத்த கூம்புகளில் இடிக்காமல், வண்டியைப் பின்வாங்காமல் கடக்க வேண்டும். ஒவ்வொரு தப்புக்கும் புள்ளி ஏறும். கடைசியில் புள்ளி குறைந்தவர் ஜெயிப்பார்.

ஆங்கிலப் பெயரில் இரண்டு சொற்கள். ‘ராக்’ பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தது, அதில் நமக்கு வேலை அதிகம் இல்லை. ‘கிரால்’ தான் கவனிக்க வேண்டியது. அது ஸ்காண்டிநேவியச் சரக்கு. பழைய நார்ஸ் மொழியில் ‘கிராஃப்லா’ என்றால் நகத்தால் பற்றிப் பிறாண்டிக்கொண்டு போவது. ஆக, மெதுவாகப் போவதோடு பிடிப்பும் அந்த வேரிலேயே இருக்கிறது. இன்றைய ஆங்கிலத்தில் அதன் பொருள் எங்கெங்கோ பரவிவிட்டது. குழந்தை தவழ்வதும் கிரால், நெரிசலில் வாகனங்கள் அங்குலம் அங்குலமாக நகர்வதும் கிரால், ஒரு வகை நீச்சலும் கிரால். தேடுபொறியின் நிரல் இணையப் பக்கங்களை ஒவ்வொன்றாக மேய்ந்து வருவதற்கும் அதே பெயர்தான். அதனால் ‘கிரால்’ என்று கண்டதும் ‘தவழ்’ என்று போட்டுவிட்டுப் போவது ஆபத்து. எந்தக் கிரால் என்று பார்த்துத்தான் சொல்லைத் தேட வேண்டும்.

இந்தக் கிராலுக்குப் பிறந்த வீடு அமெரிக்காவின் மேற்குப் பகுதி. கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் ரூபிகான் தடம் இருக்கிறது, ஏறக்குறைய 35 கிலோமீட்டர். 1953-இல் அங்கே தொடங்கிய ‘ஜீப் ஜாம்போரி’ என்ற கூட்டுப் பயணம் இன்றைக்கும் நடக்கிறது. யூட்டா மாநிலத்தின் மோவாப் நகரில் 1967 முதல் ஈஸ்டர் சமயத்தில் ஜீப்காரர்கள் கூடுகிறார்கள். அங்குள்ள மணற்கல் பாறைக்கு ‘வழுக்குப்பாறை’ என்று பெயர். லாடம் அடித்த குதிரைகள் அதில் சறுக்கியதால் வந்த பெயர் அது. ரப்பர் டயருக்கோ அந்தப் பாறை சொரசொரப்பாக ஒட்டிக்கொள்கிறது! 2007-இல் கலிஃபோர்னியாவின் ஜான்சன் பள்ளத்தாக்கில் ‘கிங் ஆஃப் தி ஹேமர்ஸ்’ என்ற பந்தயம் தொடங்கியது. அது மட்டும் இந்தக் குடும்பத்தில் கொஞ்சம் வேறு மாதிரி: பாலைவனத்தில் பறக்கவும் வேண்டும், பாறையில் ஊரவும் வேண்டும்.

ஏன் இவ்வளவு மெதுவாக? வேகமாகப் போய் மோதினால் அச்சு முறியும், அடிப்பாகம் கிழியும். மெதுவாகப் போகும்போது ஆக்சிலரேட்டரை அமுக்கிப் பலம் சேர்க்க வழியில்லை. அந்தப் பலத்தைக் கியர் கொடுக்க வேண்டும். இதற்கு ஒரு கணக்கு உண்டு, ‘கிரால் ரேஷியோ’ என்பார்கள். முதல் கியரின் விகிதம், மெதுவாகப் போவதற்கான ‘லோ ரேஞ்சில்’ டிரான்ஸ்பர் கேஸின் (விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்தனுப்பும் பெட்டி) விகிதம், அச்சின் விகிதம், மூன்றையும் பெருக்கினால் கிடைப்பது. 2012 முதல் 2017 வரை வந்த, கையால் கியர் மாற்றும் ‘ஜீப் ரேங்லர் ரூபிகான்’ என்ற வண்டி ஒன்றில் இவை 4.46, 4, 4.10. பெருக்கினால் 73 சொச்சம். அதாவது எஞ்சின் 73 சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். எஞ்சின் நிமிடத்துக்கு 750 சுற்றில் சும்மா உறுமிக்கொண்டிருந்தால், சக்கரம் ஒரு முழுச்சுற்றுக்கு ஏறத்தாழ 6 விநாடி எடுத்துக்கொள்ளும். 32 அங்குல டயருக்கு அது மணிக்கு ஒன்றரை கிலோமீட்டர். ஓட்டுகிறவர் காலை எதன்மேலும் வைக்காமலே வண்டி பாறையைத் தடவிக்கொண்டு ஏறுகிறது. சாலையில் 35 பிஎஸ்ஐ அளவுக்கு இருந்த டயர்க் காற்றைப் பாதி அளவுக்கும் கீழே இறக்கிவிட்டிருப்பார்கள். டயர் தளர்ந்து பாறையின் விளிம்பை மடக்கிப் பிடித்துக்கொள்ளும். நார்ஸ்காரர்களின் ‘கிராஃப்லா’ இதுதான்.

இனி தமிழுக்கு வருவோம். ‘பாறையேறுதல்’ என்று சிலர் சொல்லத் தோன்றலாம். அது கயிறும் கையுமாக மனிதன் ஏறுகிற விளையாட்டுக்குப் போய்விட்டது. அதோடு இங்கே வண்டி இறங்கவும் வேண்டும். இறக்கம்தான் பல இடங்களில் கண்டம். ‘பாறை நகர்தல்’ என்றால் பாறை உருண்டு வருகிற மாதிரி இருக்கிறது, படிக்கிறவர் நிலச்சரிவு என்று நினைப்பார். ‘பாறைத் தவழ்தல்’ கேட்க அழகு. ஆனால் தவழ்வது குழந்தைக்கும் மலைமுகட்டு மேகத்துக்கும் உரியது, அதில் ஒரு மென்மை இருக்கிறது. இரண்டு டன் இரும்பு பாறையில் உரசிக்கொண்டு போவதற்கு அந்தச் சொல் ஒட்டவில்லை.

‘ஊர்தல்’ ஒட்டுகிறது, அதுவும் ஒன்றுக்கு இரண்டு காரணங்களோடு. முதல் காரணம் எல்லாருக்கும் தெரிந்தது. எறும்பு ஊர்கிறது, நத்தை ஊர்கிறது, பாம்பு ஊர்கிறது. பறப்பன, நடப்பன, ஊர்வன என்று பிரிக்கும்போது ஊர்வனவுக்கு அடையாளம் வயிறு தரையில் படுவது. இந்த வண்டிகளுக்கும் வயிறு தரையில் படும். அதற்காகவே எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் அடியில் கனமான தகடு மாட்டியிருப்பார்கள். பாறைமேல் அந்தத் தகடு கிறீச்சிட்டுக்கொண்டு வழுக்குவது இந்த விளையாட்டில் சாதாரணம்.

இரண்டாவது காரணத்தைப் பலர் மறந்துவிட்டார்கள். ஊர்தல் என்றால் ஏறிச் செலுத்துதல் என்றும் பொருள். குதிரையூர்ந்தான், தேரூர்ந்தான், யானையூர்ந்தான் என்பது பழைய வழக்கு. திருக்குறளில் ‘சிவிகை பொறுத்தானோடு ஊர்ந்தான் இடை’ என்று வருகிறது. பல்லக்கைச் சுமப்பவன் ஒருவன், அதில் ஊர்பவன் ஒருவன். அங்கே ஊர்ந்தவன் தரையில் நெளியவில்லை, சவாரி போகிறான். ‘ஊர்தி’ பிறந்தது இந்தப் பொருளிலிருந்துதான். ஆங்கிலத்துக்கு ஓட்டுவது ஒரு சொல், கிரால் இன்னொரு சொல். தமிழில் ஒரே வினை இரண்டையும் வைத்திருக்கிறது. இந்த விளையாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வினைச்சொல் கிடைப்பது கடினம் என்பது என் கட்சி. பழமொழிகூடத் தயாராக இருக்கிறது: எறும்பு ஊரக் கல்லும் தேயும். ரூபிகானின் பாறைகளில் எழுபது வருட டயர்த் தடம் கறுத்துக் கிடப்பதைப் பார்த்தால் அதை நம்பலாம்.

புலவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். ‘மயிலூர்தி’ என்றால் மயிலை ஊர்தியாக உடையவன், முருகன். அப்படியென்றால் ‘பாறையூர்தி’ பாறையை வாகனமாகக் கொண்டவனா? நியாயமான கேள்விதான். ஆனால் ‘வானூர்தி’ என்கிறோம், வானத்தை யாரும் வாகனமாக்கவில்லை. வானில் ஊர்வது என்று எல்லாருக்கும் புரிகிறது. பாறையில் ஊர்வது பாறையூர்தி. விளையாட்டு பாறையூர்தல். எழுதும்போது ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும், இடையின ‘ர்’. வல்லின ‘ற’ போட்டு ‘பாறையூறல்’ என்று எழுதினால் பாறையிலிருந்து தண்ணீர் கசிகிறது என்று ஆகிவிடும்.

‘ஊர்’ என்பதைப் பெயராகப் பார்த்தால் மனிதர் வாழும் இடம். ‘நகர்’ என்பதும் அப்படியே: வினையாகப் பார்த்தால் இடம்பெயர்தல், பெயராகப் பார்த்தால் பட்டணம். இதை வைத்து ‘ஊர் ஊர்கிறது, நகரம் நகர்கிறது’ என்று கவிதை எழுத ஆசை வரும். எழுதலாம், ஆனால் அதை வேர்ச்சொல் ஆராய்ச்சி என்று சொல்லக்கூடாது. ஒலி ஒத்துப்போவதால் மட்டும் உறவு வந்துவிடாது. உண்மையிலேயே நகர்ந்தது ‘நகர்’ என்ற சொல்லின் பொருள்தான். சங்கப் பாடல்களில் அது பெரிய வீட்டையும் மாளிகையையும் கோயிலையும் குறிக்கிறது. ஒரு கட்டடத்தின் பெயர் பிற்பாடு முழுப் பட்டணத்துக்கும் ஆகிவிட்டது. இன்று ‘நகரக் கட்டடக்கலை’ என்று எழுதுகிறவர், பழைய கணக்கில் பார்த்தால், வீட்டை இரண்டு தடவை சொல்கிறார்.

சரி, பாறைக்குத் திரும்பலாம். ‘ஆஃப் ரோடு’ என்பதற்கும் சொல் தேடுகிறார்கள். ‘சாலைக்கு வெளியே’ என்பது நேர்ப்பொருள். ஆனால் ரூபிகான் தடத்தை 1887-இலேயே எல் டொராடோ கவுண்டி பொதுச்சாலையாக அறிவித்துவிட்டது! உலகின் பேர்போன ஆஃப் ரோடு, ஆவணத்தில் ரோடு. பிரச்சினை சாலையா இல்லையா என்பதில் இல்லை, தரை எப்படிப்பட்டது என்பதில்தான். அதற்குத் தமிழில் ‘அதர்’ இருக்கிறது, வழி என்று பொருள். சிலப்பதிகாரத்தில் ‘கல்லதர் அத்தம்’ என்றே வருகிறது. கல் நிறைந்த வழி கல்லதர். ராக் டிரெயிலுக்கு இதைவிடச் சுருக்கமாக ஒன்று சொல்ல முடியாது. அன்றாடப் பேச்சில் ‘கரட்டுப் பாதை’ என்று சொன்னாலும் குறைவில்லை.

உடன்வரும் சொற்களில் சிலவற்றுக்குத் தமிழ் எளிதாக வருகிறது. வண்டிக்கு முன்னால் இறங்கி நின்று ‘வலது, இன்னும் வலது, நிறுத்து’ என்று கையசைப்பவர் ‘ஸ்பாட்டர்’. ஓட்டுகிறவருக்கு பானெட்டுக்கு அப்பால் தரையே தெரியாது, இவர் கைதான் கண். ‘கைகாட்டி’ என்றால் போதும். ‘லைன்’ என்பது எந்தப் பாறைமேல் எந்தச் சக்கரத்தை வைப்பது என்ற தேர்வு. ‘தடம்’ என்று சொல்லலாம், ‘தடம் பார்த்து ஓட்டு’ என்றால் யாருக்கும் விளங்கும். கிரால் ரேஷியோ, ‘ஊர்விகிதம்’.

‘லாக்கர்’ கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. ஓர் அச்சின் இரண்டு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக்கொடுக்கும் சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அது மட்டும் வெட்டியாகச் சுற்றும், பாறையில் பதிந்திருக்கும் மற்றது அசையாது. லாக்கரைப் போட்டால் இரண்டும் சேர்ந்தே சுற்றியாக வேண்டும். ‘பூட்டு’ என்று மொழிபெயர்த்தால் தற்செயலாக இன்னும் ஒரு பொருத்தம் கிடைக்கிறது: மாடுகளை நுகத்தில் பூட்டுவது. டிஃபரன்ஷியலை டிஃபரன்ஷியல் என்றே விட்டுவிடலாம். பட்டறையில் யாரும் வேறு பெயர் சொல்லப் போவதில்லை.

கையளவுப் பாறைகளில் ஓடும் ரேடியோ கட்டுப்பாட்டு மாதிரி வண்டிகளும் உண்டு, அசல் வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவில். அவற்றையும் ‘கிராலர்’ என்றே விற்கிறார்கள். உள்ளே ஓட்டுநர் இல்லை என்பதால் புறநானூற்றின் ‘வலவன் ஏவா வான ஊர்தி’யை (வலவன் என்றால் ஓட்டுநர்) நினைத்து அவற்றுக்கு ‘வலவனில் ஊர்தி’ என்று பெயர் வைக்க ஆசைப்படுகிறவர்கள் இருப்பார்கள். பொருந்தாது. வலவன் நாலடி தள்ளி ரிமோட்டோடு குந்தியிருக்கிறான். அவையும் பாறையூர்திகளே, ‘சிற்றூர்தி’ என்று வேண்டுமானால் அளவைக் காட்டலாம்.