எழுத்துரு

கொரியத் தொடர்களைப் பார்த்துவிட்டு அந்த மொழியையே படிக்கத் தொடங்கிய பிள்ளைகள் குமரி மாவட்டத்திலும் உண்டு. உபுண்டு என்ற இயங்குதளம் போட்ட மடிக்கணினியில் கொரியப் பாடத்தைத் திறந்துவிட்டு, “எழுத்துக்குப் பதிலாட்டு கட்டம் கட்டமாட்டு வருது” என்பார்கள். பாடத்தில் பழுதில்லை. கணினியில் கொரிய எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். எழுத்துரு என்பது ஃபாண்ட் என்பதற்கு இணையான தமிழ்ச் சொல்.

ஃபாண்ட் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். உருக்கி வார்த்தது என்று பொருள். இலத்தீனில் அதன் வேர் ஊற்றுவதைக் குறிக்கும். ஈயக் கலவையை உருக்கி அச்செழுத்து வார்த்த காலத்தில், ஒரே வடிவில் ஒரே அளவில் வார்த்த தொகுதிக்கு அந்தப் பெயர். நமக்குப் பக்கத்தில் கொல்லத்தில் 1578இல் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானது அப்படி வார்த்த தமிழ் எழுத்துகளில்தான். கொரியர்கள் 1377லேயே உலோக எழுத்துகளைக் கோத்து ‘ஜிக்ஜி’ என்ற பௌத்த நூலை அச்சிட்டிருந்தார்கள்.

கணினியில் ஈயமும் இல்லை, வார்ப்பும் இல்லை. அதனால் ‘வார்ப்பு’ என்று மொழிபெயர்க்காமல் ‘எழுத்துரு’ என்று வைத்தது எனக்கு மிகவும் பிடிக்கும். எழுத்தின் வரிவடிவத்தை ‘உரு’ என்பது பழைய வழக்கு. ககர மெய் கா, கி என்று வடிவம் மாறுவதைத் தொல்காப்பிய நூன்மரபு ‘உருவு திரிந்து உயிர்த்தல்’ என்கிறது. அந்நூல் அரங்கேறியபோது கேட்ட அதங்கோட்டு ஆசானை விளவங்கோடு வட்டத்து அதங்கோட்டுக்காரர் என்று எங்கள் பக்கம் உரிமையோடு சொல்வார்கள்.

எழுத்து வேறு, உரு வேறு. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது. கோப்பில் இருப்பது யூனிகோட் எண், அதாவது உலக மொழிகளின் எழுத்துகளுக்குப் பொதுவாக வைத்த எண். அந்த எண்ணுக்கு உரிய படத்தை வரைந்து காட்டுவது எழுத்துரு. கொரிய மொழியின் ஹங்குல் எழுத்தில் அடிப்படை எழுத்துகள் 24தான். மெய்யும் உயிரும் கூடி ஒரே கட்டுக்குள் அமைவதால், யூனிகோடில் அசைகள் மட்டும் 11,172. நம்முடைய 247ஐ நினைத்துப் பாருங்கள். கொரிய எழுத்துருக் கோப்பு பெரிதாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

சரி, நிறுவுவது எப்படி? உபுண்டு, அதைப் போன்ற இயங்குதளமான டெபியன் இரண்டிலும், கட்டளை தட்டும் சாளரமான முனையத்தைத் திறந்து, ‘சுடோ ஏபிடி இன்ஸ்டால்’ கட்டளையோடு ‘ஃபாண்ட்ஸ்-நனும்’ என்ற பொதியின் பெயரைக் கொடுத்தால் போதும். பொதி என்பது நிறுவுவதற்காகக் கட்டிவைத்த கோப்புத் தொகுப்பு; அதை நிறுவுவதும் நீக்குவதும் ஏபிடி என்ற நிரலின் வேலை. நனும் என்றால் கொரிய மொழியில் பகிர்தல். இந்த எழுத்துருவை யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். தனியாகக் கிடைத்த எழுத்துருக் கோப்பு என்றால், வீட்டுக் கோப்புறையில் மறைந்திருக்கும் ‘.லோக்கல்’ என்பதற்குள் ‘ஷேர்’, அதற்குள் ‘ஃபாண்ட்ஸ்’ என்ற இடத்தில் போட்டு, கணினியின் எழுத்துருப் பட்டியலைப் புதுப்பிக்கும் ‘எஃப்சி-கேஷ்’ கட்டளையை ஓட்ட வேண்டும். அப்புறம், திறந்திருக்கும் செயலியை மூடித் திறக்க வேண்டும். இதை மறந்துவிட்டு ‘வரவில்லையே’ என்று தவிப்பவர்கள் நிறைய.

நீக்கும்போதுதான் கவனம் தேவை. பொதியாக வந்ததைப் பொதியாகவே ‘ஏபிடி ரிமூவ்’ கொடுத்து எடுக்க வேண்டும். கணினியின் கோப்புறைக்குள் போய்க் கையால் அழித்தால், அது இன்னும் இருப்பதாகவே ஏபிடி நினைத்துக்கொண்டிருக்கும். ‘நோட்டோ சிஜேகே’ பொதியில் சீனம், ஜப்பானியம், கொரியம் மூன்றும் சேர்ந்தே இருக்கின்றன. கொரியம் வேண்டாம் என்று அதைத் தூக்கினால் மற்ற இரண்டும் போய்விடும்.

எழுத்துருவை நீக்கியதால் கொரியக் கோப்பு கெட்டுப்போகாது. கட்டம் தெரியும், வேறொரு கொரிய எழுத்துருவை நிறுவினால் அதே வரி அப்படியே திரும்பும். நம் டிடிபி கடைகளில் இன்னும் புழங்கும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இந்தப் பாதுகாப்பு கிடையாது. அதில் தமிழ் எழுத்து ஆங்கில எழுத்துகளின் எண்களில் உட்கார்ந்திருக்கிறது. பாமினி இல்லாத கணினியில் அந்தத் திருமண அழைப்பிதழைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளாகச் சிதறிக் கிடக்கும். பழைய பாமினிக் கோப்புகள் வைத்திருப்பவர்கள், அந்த எழுத்துருவை நீக்குவதற்கு முன் அவற்றை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.